கவர்னர் பங்களாவுல விருந்து, சமைச்சது யாரு?

போன இதழ்ல அமெரிக்க கவர்னர் மாளிகைகள பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதுனேன், அதுக்கு வந்த கடிதம் இன்னும் நிக்கல. பாதி பேர் மாளிகைய விட்டுட்டு அதுக்குள்ள இருக்கற அம்மாவ பத்திதான் கேக்கறீங்க. அதனால இந்த வாரம் முழுக்க அவங்களுக்கே.

கேள்வி: என் பொண்ணு டெக்சாஸ்ல இருக்கா. அங்க நியூஸ்ல கவர்னர் மனைவிய ஃபர்ஸ்ட் லேடின்னு சொல்றாங்களாம். அது ஜனாதிபதி மனைவிக்கு மட்டும்தானே? சம்பளம் உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நாட்டுக்கு ஒருத்தங்க, மாநிலத்துக்கு ஒருத்தங்கன்னு வச்சுக்கோங்க. ஒண்ண மட்டும் முதல்லயே தெளிவா சொல்லிடறேன், அமெரிக்க கவர்னர் நம்மூர் கவர்னர் மாதிரி டெல்லிலேர்ந்து வந்து இறங்கறவர் இல்ல, மக்கள் ஓட்டு போட்டு ஜெயிச்சு வர்றவர், அதிகாரத்துல பாத்தா நம்ம முதலமைச்சர் மாதிரி. அவரோட மனைவிக்கோ கணவருக்கோ சம்பளம் கிடையாது, பதவிப்பிரமாணமும் கிடையாது. ஆனா நிறைய மாநிலத்துல ஆபீஸ் ரூம் உண்டு, உதவிக்கு ஆள் உண்டு, டைரி முழுக்க நிகழ்ச்சி உண்டு. கவர்னர்களுக்குன்னு ஒரு தேசிய சங்கம் இருக்கு, 1908ல அப்ப ஜனாதிபதியா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு எல்லா கவர்னரையும் கூப்பிட்டதுலேர்ந்து வளர்ந்தது, அவங்க புதுசா ஜெயிச்ச கவர்னர்களுக்கு பயிற்சி வைக்கும்போது துணைவர்களுக்கும் தனியா வகுப்பு வைக்கறாங்க. சம்பளம் இல்லாத வேலைக்கு ட்ரெய்னிங் மட்டும் கரெக்டா இருக்கு!

கேள்வி: விருந்து வைக்கறதுன்னா அந்தம்மாவே சமைக்கணுமா? வேலைக்காரங்க யாரு? (வாசகி, காரைக்குடி)

பதில்: உங்க கேள்விய படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன், ஏன்னா யாரும் கேக்காத கேள்வி இது. மெனு, பூ அலங்காரம், யார் பக்கத்துல யார உக்கார வைக்கறது, மாளிகையோட மராமத்துக்கு நன்கொடை திரட்டறது இதெல்லாம் அந்தம்மா கணக்கு. கென்டக்கில ஃபிலிஸ் ஜார்ஜ்னு ஒருத்தங்க, 1971ம் வருஷத்து மிஸ் அமெரிக்கா பட்டம் வாங்கினவங்க, டிவில ஸ்போர்ட்ஸ் நிகழ்ச்சியும் பண்ணவங்க, 1979லேர்ந்து 1983 வரைக்கும் கவர்னர் மனைவியா இருந்தப்ப மாளிகைய புதுப்பிக்க காசு சேத்தாங்க, அந்த மாநில கைவினை பொருளையெல்லாம் பெரிய கடைகள் வரைக்கும் கொண்டு போனாங்க. இதெல்லாம் போட்டோவுல வர்ற பக்கம்.

போட்டோவுல வராத பக்கம் சமையல்கட்டு. வர்ஜீனியாவுல ரிச்மண்ட் நகரத்துல இருக்கற மாளிகைல 1813லேர்ந்து கவர்னர்கள் குடியிருக்காங்க, கவர்னருக்குன்னே கட்டி இன்னிக்கும் அதே வேலைக்கு பயன்படற மாளிகைல அதுதான் அந்த நாட்டுலயே பழசு. ஆரம்பத்துல அங்க சமைச்சது, பரிமாறுனது, துணி துவைச்சது எல்லாம் அடிமைகள், அவங்க இருந்த கட்டடம் இன்னும் மாளிகைக்கு பின்னாடியே நிக்குது. அடிமை முறை ஒழிஞ்சப்புறம் தெற்கு மாநிலங்கள் பலதுல என்ன பண்ணாங்கன்னா, ஜெயில் கைதிகள மாளிகை வேலைக்கு கொண்டு வந்தாங்க. இது ஏதோ நூறு வருஷத்துக்கு முன்னாடி கதைன்னு நினைக்காதீங்க. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா கவர்னரா இருந்தப்ப (1971 டு 1975) அவரோட சின்னப் பொண்ணு ஏமிய பாத்துக்கிட்டது மேரி பிரின்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண், கொலை வழக்குல ஆயுள் தண்டனை கைதி. அவ செஞ்சிருக்கவே மாட்டான்னு கார்ட்டரோட மனைவி ரோசலின் உறுதியா நம்புனாங்க, கார்ட்டர் ஜனாதிபதி ஆனதும் பரோல் போர்டுக்கு எழுதி, கார்ட்டரே அவங்களுக்கு பரோல் அதிகாரியா இருந்து, வெள்ளை மாளிகைக்கே கூட்டிட்டு போனாங்க. கடைசில முழு மன்னிப்பும் கிடைச்சுது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கவர்னர் வீட்டுக்கு வேலைக்கு வராத கைதிக்கு இப்படி எழுத யாரு இருக்கா?

அதே வழக்கத்தோட இன்னொரு முகம் மிசிசிப்பில 2012 ஜனவரில தெரிஞ்சுது. கவர்னர் ஹேலி பார்பர் பதவிய விட்டு இறங்கறப்ப ஏறக்குறைய இருநூறு பேருக்கு மன்னிப்பும் தண்டனை குறைப்பும் குடுத்தார், அதுல கொலை வழக்குல தண்டனை வாங்கி மாளிகைல வேலை பாத்த கைதிகளும் இருந்தாங்க. செத்தவங்க குடும்பமெல்லாம் கொதிச்சுது. வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, மன்னிப்பு செல்லும்னு தீர்ப்பாச்சு. அடுத்து வந்த கவர்னர் ஃபில் பிரையன்ட் மாளிகைல கைதிகள வேலைக்கு வைக்கற வழக்கத்தையே நிறுத்திட்டார்.

கேள்வி: பொம்பளை கவர்னர் ஆனா புருஷன் விருந்து வைப்பாரா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: கிண்டலா கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி சார். 1925 ஜனவரி 5 அன்னிக்கு வயோமிங்ல நெல்லி டெய்லோ ராஸ் பதவி ஏத்தாங்க, அமெரிக்காவுல முதல் பெண் கவர்னர், ஆனா அவங்க புருஷன் கவர்னரா இருக்கும்போதே இறந்துதான் அந்த தேர்தலே வந்தது, அதனால வரவேற்க கணவர் இல்ல. பதினஞ்சே நாள் கழிச்சு டெக்சாஸ்ல மிரியம் ஃபெர்குசன், ஊர்ல எல்லாரும் ‘மா’ன்னு கூப்பிடுவாங்க. இவங்க புருஷன் ஜேம்ஸ் ஃபெர்குசன் ஏற்கனவே கவர்னரா இருந்து 1917ல பதவி பறிக்கப்பட்டவர், இனிமே நிக்கவே கூடாதுன்னு தடை. அப்ப என்ன, மனைவிய நிறுத்தினார். ஒரு கவர்னர் காசுக்கு ரெண்டு கவர்னர்னு பிரச்சாரமே பண்ணாங்க! அலபாமாவுல 1966லயும் இதேதான், ஜார்ஜ் வாலஸ் தொடர்ந்து ரெண்டாவது தடவை நிக்க முடியாதுன்னு மனைவி லர்லீன நிறுத்தி ஜெயிக்க வச்சு, வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளத்துல அவர் ஆலோசகர்னு உக்காந்தார். பாவம் அந்தம்மா, 1968 மே மாசம் புற்றுநோய்ல பதவில இருக்கும்போதே போயிட்டாங்க.

கணவரோ முன்னாள் கணவரோ கவர்னரா இல்லாம, தானாவே ஜெயிச்ச முதல் பெண் கனெக்டிகட் மாநிலத்தோட எலா கிராசோ, பதவி ஏத்தது 1975ல. நம்ம ஊர் பேப்பர்ல அடிபடற நிக்கி ஹேலி சவுத் கரோலினால கவர்னரா இருந்தப்ப அவங்க கணவர் மைக்கேல்தான் அந்த மாநிலத்தோட முதல் ஃபர்ஸ்ட் ஜென்டில்மேன், ஆனா அவர் நேஷனல் கார்டுங்கற ரிசர்வ் ராணுவப் படைல அதிகாரி, 2013ல ஆப்கானிஸ்தானுக்கே டியூட்டிக்கு போயிட்டார். விருந்தாவது ஒண்ணாவது. கொலராடோ கவர்னர் ஜாரெட் போலிஸ் தன்பாலீர்ப்பாளர்னு வெளிப்படையா சொல்லி 2018ல ஜெயிச்சவர், அவரோட துணைவர் மார்லன் ரீஸ் ஃபர்ஸ்ட் ஜென்டில்மேன் ஆகி, ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டது 2021ல.

கேள்வி: ரிப்பன் வெட்டறத தாண்டி உருப்படியா ஏதாவது பண்ணவங்க உண்டா? (மாணவி, திருச்சி)

பதில்: எலினார் ரூஸ்வெல்ட். எல்லாரும் அவங்கள ஜனாதிபதி மனைவியாதான் நினைக்கறாங்க, எனக்கென்னமோ அதுக்கு முன்னாடி நியூயார்க் கவர்னர் மனைவியா இருந்த நாலு வருஷம்தான் (1929 டு 1932) ரொம்ப பிடிக்கும். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு போலியோவுல கால் போச்சு, அரசு மனநல மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம்னு பாக்க போனா அவர் காரவிட்டு இறங்க முடியாது, வாசல்லயே அதிகாரிங்ககூட பேசிட்டு இருப்பார், உள்ள போறது எலினார். முதல் தடவை திரும்பி வந்து மெனுல நல்ல சாப்பாடுதான் எழுதியிருந்துச்சுன்னாங்களாம், அவர் மெனுவ எதுக்கு படிச்ச, அடுப்புல இருக்கற பாத்திரத்த திறந்து பாத்தியான்னு கேட்டாராம். அதுலேர்ந்து பாத்திரத்த திறந்து பாப்பாங்க, கட்டில் ரொம்ப நெருக்கி போட்டிருக்கா, பகல்ல மடக்கி அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு ராத்திரி தாழ்வாரத்துல விரிக்கறாங்களான்னு பாப்பாங்க. இதுல விசேஷம், அதே சமயம் நியூயார்க் நகரத்துல ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலையும் விடல, மாநில தலைநகரம் ஆல்பனிக்கும் நியூயார்க் நகரத்துக்கும் வாராவாரம் ரயில். மாளிகை விருந்த யாரு கவனிச்சா, மெனு என்ன, அதையெல்லாம் இன்னிக்கு யாரு ஞாபகம் வச்சிருக்கா சொல்லுங்க.

கேள்வி: சும்மா விருந்து வச்சதுக்கு வழக்கு வருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வந்துச்சு, அதுவும் சுப்ரீம் கோர்ட் வரைக்கும். அதே ரிச்மண்ட் மாளிகைதான். பாப் மெக்டானல் வர்ஜீனியா கவர்னர், மனைவி மவுரீன். ஜானி வில்லியம்ஸ்னு ஒரு தொழிலதிபர், புகையிலைல இருக்கற ஒரு பொருள வச்சு சத்து மாத்திரை தயாரிச்சு விக்க பாத்தவர், இந்த குடும்பத்துக்கு ரோலக்ஸ் வாட்ச், மவுரீனுக்கு விலை உசந்த டிரஸ், பொண்ணு கல்யாண சாப்பாட்டு செலவுக்கு 15,000 டாலர், கடன்னு மொத்தம் 1,75,000 டாலருக்கு மேல குடுத்தார். பதிலுக்கு? 2011 ஆகஸ்ட்ல அந்த மாத்திரை அறிமுகத்துக்கு மாளிகைலயே ஒரு மதிய விருந்து நடந்துச்சு, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள உக்கார வச்சு. 2014ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே குற்றவாளின்னு ஜூரி சொல்லுச்சு, அவருக்கு ரெண்டு வருஷம், அந்தம்மாவுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும். 2016 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் எட்டு நீதிபதிகளும் ஒரே குரல்ல அவர் தண்டனைய தூக்கிட்டாங்க, ஒரு மீட்டிங் ஏற்பாடு பண்றது, ஒரு நிகழ்ச்சி நடத்தறது, அது மட்டும் தனியா பாத்தா அரசுப் பணில ஒரு முடிவு எடுத்ததா ஆகாதுன்னு. கேஸ் அசிங்கமானதுதான்னு தீர்ப்புலயே சொல்லியும் இருக்காங்க. மவுரீன் மேல இருந்த வழக்கும் அதே வருஷம் செப்டம்பர்ல கைவிடப்பட்டுச்சு.

என்னைக் கேட்டா அந்த தீர்ப்பு சட்டப்படி சரியா இருக்கலாம், உலக வழக்கப்படி தப்பு. கவர்னர் வீட்டு மேசைல யார் உக்காரணும்கறது ஒரு முடிவு இல்லன்னா, அந்த மேசைக்கு ஒருத்தர் ஏன் ரோலக்ஸ் குடுக்கப் போறார்? இதுல கூத்து என்னன்னா அந்தம்மாவுக்கு பதவியே கிடையாது, அரசு ஊழியரும் இல்ல, புருஷனோட சேந்து சதின்னுதான் வழக்கே போட முடிஞ்சுது. பொறுப்புன்னு வரும்போது வீட்டுக்காரம்மா, அழைப்பிதழ்னு வரும்போது ஃபர்ஸ்ட் லேடி. ஒண்ணு நடந்துச்சு, அதுக்கப்புறம் வர்ஜீனியாவுல பரிசுக்கு 100 டாலர் வரம்புன்னு சட்டம் கொண்டு வந்தாங்க.

கேள்வி: கல்யாணமாகாத கவர்னர், வீடே இல்லாத கவர்னர் உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ரெண்டும் உண்டு. மாசசூசெட்ஸ், அரிசோனா, ரோட் ஐலண்ட் இங்கெல்லாம் அரசு மாளிகையே கிடையாது, அவங்கவங்க வீட்டுலேர்ந்து ஆபீஸ் போய் வர்றாங்க, மாநிலம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. கலிபோர்னியா கதை சுவாரசியம். 1967ல கவர்னர் ரொனால்ட் ரீகனோட மனைவி நான்சி, தலைநகர் சாக்ரமென்டோல இருக்கற மாளிகைக்கு குடி போய், 1877ல கட்டுன மர வீடு, தீ பிடிச்சா குழந்தையோட தப்பிக்க முடியாதுன்னு சில மாசத்துல கிளம்பிட்டாங்க. ரீகனோட பணக்கார நண்பர்கள் ஒரு வீட்ட வாங்கி அவங்களுக்கு வாடகைக்கு விட்டாங்க (இதுக்கு பேரு என்னன்னு நான் சொல்லல). ரீகன் காலத்துல ஆரம்பிச்ச புது மாளிகை ரெடியானப்ப அடுத்து வந்தவர் ஜெர்ரி பிரவுன், பிரம்மச்சாரி, அதுல கால் வைக்கவே மாட்டேன்னுட்டு அபார்ட்மென்ட்ல தரைல மெத்தை போட்டு படுத்தார். அதே பிரவுன் வயசான காலத்துல திரும்ப கவர்னர் ஆகி, 2015ல மனைவியோட அந்த பழைய மர மாளிகைக்கே குடி போனார்! ஆர்கன்சாஸ்ல கவர்னர் மைக் ஹக்கபி குடும்பம் மாளிகைய ரிப்பேர் பண்றப்ப 2000ல அதே வளாகத்துல, வண்டில இழுத்துட்டு வர்ற ட்ரெய்லர் வீட்ட கொண்டு வந்து வச்சு அதுல இருந்தாங்க, டிவி காமெடியன்களுக்கெல்லாம் அந்த வருஷம் நல்ல தீனி.

கேள்வி: நம்ம ஊர் கவர்னர் மாளிகைல இதெல்லாம் இல்லையே? (வாசகி, மதுரை)

பதில்: இருக்கு, ஆனா நம்ம கண்ணு அங்க போறதில்ல. தமிழிசை மேடம் தெலங்கானா கவர்னரா இருந்தப்ப அவங்க கணவர், சிறுநீரக டாக்டர், எத்தனை விருந்துல நின்னார்னு யாரும் எழுதல. நமக்கு சுதந்திர தின தேநீர் விருந்துக்கு யார் போனா, எந்தக் கட்சி புறக்கணிச்சுதுங்கறதுதான் செய்தி.

கேள்வி: இந்தப் பதவிய சட்டப்படி ஆக்கிட்டா பிரச்சினை தீருமே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஓரிகன்ல முயற்சி பண்ணி பாத்தாங்க. அங்க 2015லயே ஒரு அடி வாங்கியாச்சு, கவர்னர் ஜான் கிட்ஸாபரோட வருங்கால மனைவி சில்வியா ஹேய்ஸ் ஃபர்ஸ்ட் லேடியாவும் இருந்துகிட்டு கன்சல்டிங் தொழிலும் பண்ணதா கிளம்பின சர்ச்சைல கவர்னரே ராஜினாமா பண்ணார். 2023ல வந்த கவர்னர் டினா கோடெக்கோட மனைவி ஏமி கோடெக் வில்சன், சமூகப் பணி, மனநலம் படிச்சவங்க, கூட்டங்கள்ல கலந்துக்கிட்டு வேலை செய்யணும்னு நினைச்சாங்க. அவங்களுக்குன்னு தனி அலுவலகம் அமைக்கற யோசனை 2024ல வெளில வந்துச்சு, அதே சமயத்துல கவர்னரோட மூத்த உதவியாளர்கள் மூணு பேர் விலகினாங்க, பத்திரிகைகள் இ-மெயில்கள கேட்டு வாங்கி அச்சடிச்சுது. மே மாசம் கோடெக் அந்த அலுவலகம் வேண்டாம்னு அறிவிச்சிட்டாங்க. சம்பளம் குடுத்தா குடும்ப ஆட்சிம்பாங்க, குடுக்காட்டி யாருக்கு பதில் சொல்லணும்கறது தெரியாது. என் ஓட்டு ரொம்ப சிம்பிள் சார், வரவேற்பு வேலைக்கு மாச சம்பளத்துல ஒரு அதிகாரிய போடுங்க, விருந்தாளி லிஸ்ட்ட வெளியிடுங்க, அந்தம்மாவோ அந்த ஐயாவோ விருப்பப்பட்டா வந்து சாப்பிட்டு போகட்டும்.