இரவும் நெடுநேர ஒளிப்படமும்: புதிதாகத் தொடங்குவோருக்கான கேள்வி பதில்

இரவில் கேமராவை ட்ரைபாட்டின் மேல் நிறுத்தி, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரைப் பல நொடிகளோ பல நிமிடங்களோ திறந்து வைத்து எடுக்கும் படங்களைப் பற்றி, இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் சிலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் எழுதிய பதில்களும் இவை. பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் படச்சட்டத்துக்குள் எது நகர்கிறது, எது நகராமல் நிற்கிறது என்று பார்த்துப் பழகியவருக்கு அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு), நேரம் ஆகிய மூன்றும் விரைவில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கேமராவுடன் சேர்ந்து வந்த 18–55 மி.மீ. லென்ஸ் மட்டுமே. இரவுப் படங்களுக்கு எஃப்/1.8 போன்ற அகன்ற அபெர்ச்சர் உள்ள லென்ஸ் இல்லாமல் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். தெருவிளக்குகள், பாலங்கள், கட்டடங்கள், நீர்ப்பரப்பு ஆகியவற்றை எடுக்கும்போது நாம் பெரும்பாலும் எஃப்/8 அளவில்தான் வேலை செய்கிறோம் (எஃப் எண் பெரிதாகப் பெரிதாகத் திறப்பு சிறிதாகும்). அந்த அளவில் உங்கள் லென்ஸ் நன்றாகவே படம் தரும். அகன்ற அபெர்ச்சரின் தேவை விண்மீன்களை எடுக்கும்போதுதான் உண்மையாக உணரப்படுகிறது. செலவு செய்ய விருப்பம் இருந்தால் அதை ட்ரைபாட்டில் செய்யுங்கள். எடை குறைந்த மலிவான ட்ரைபாட்டின் நடுத்தண்டை முழுவதும் உயர்த்தி அதன் உச்சியில் கேமராவை வைத்தால், மெல்லிய காற்றுக்கே அது அதிரும். கால்களின் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள்; நடுத்தண்டைத் தாழ்த்தியே வையுங்கள். ரிமோட் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கேமராவிலேயே உள்ள 2 நொடி டைமரை வைத்துவிட்டால், பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறக்கும்.

கேள்வி: ட்ரைபாட் வைத்து 20 நொடி எடுத்த படங்கள்கூடத் தெளிவில்லாமல் வருகின்றன. தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: படத்தைப் பெரிதாக்கி, ஒரு சிறிய விளக்கின் வடிவத்தைப் பாருங்கள், அது உண்மையைச் சொல்லிவிடும். விளக்கு புழுவைப் போல் நெளிந்து தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவி வட்டமாகத் தெரிந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. நிலத்தில் உள்ளவை கூர்மையாக இருந்து விண்மீன்கள் மட்டும் சிறு கோடுகளாக இருந்தால், அது பூமியின் சுழற்சி. உங்கள் தவறு எதுவும் இல்லை.

கேமரா அசைந்ததாகத் தெரிந்தால், லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு வசதியை அணைத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கைகளின் நடுக்கத்தைச் சரிசெய்வதற்காக உருவான அந்த அமைப்பு, அசையாமல் நிற்கும் கேமராவில் இல்லாத அசைவைத் தேடித் தானே ஓர் அசைவை உண்டாக்கிவிடக்கூடும். சில புதிய லென்ஸ்கள் ட்ரைபாட்டைத் தாமே உணர்ந்துகொள்ளும் என்றாலும், அணைத்து வைப்பதே பாதுகாப்பானது. அடுத்து, காற்றில் படபடக்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பாலத்தின் மீது நின்று எடுத்தீர்கள் என்றால், கனரக வாகனம் கடக்கும்போது பாலமே அதிர்வதைக் காலடியில் உணரலாம். அந்த நேரத்தில் எந்த ட்ரைபாட்டும் உதவாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஒளி மிகக் குறைவான இடத்தில் எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும் என்று எப்படிக் கணிப்பது? நான்கு நிமிடம் காத்திருந்து, படம் கருப்பாக வந்ததைப் பார்த்து மீண்டும் எட்டு நிமிடம் காத்திருப்பது மிகவும் சோர்வாக இருக்கிறது.

பதில்: இதற்கு ஒரு கணக்கு உண்டு. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு இருட்டில் வீணாகிய நேரம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஐஎஸ்ஓ 100-இலிருந்து 200, 400, 800, 1600, 3200, 6400 என்று எண்ணினால் ஆறு முறை இரட்டிப்பாகிறது. அதாவது 64 மடங்கு. ஒரு நிமிடத்துக்கு 60 நொடிகள். இந்த இரண்டு எண்களும் அருகருகே இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. அபெர்ச்சரை மாற்றாமல் ஐஎஸ்ஓ 6400-இல் 4 நொடி வைத்து ஒரு சோதனைப் படம் எடுங்கள். அதன் ஒளி சரியாக இருந்தால், ஐஎஸ்ஓ 100-இல் ஏறத்தாழ 4 நிமிடம் தேவை. சோதனையில் 6 நொடி தேவைப்பட்டால் உண்மைப் படத்துக்கு 6 நிமிடம். சோதனைப் படம் புள்ளிகளால் நிறைந்து அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒளியளவையும், படச்சட்டம் சாய்ந்திருக்கிறதா என்பதையும், ஓரத்தில் வேண்டாத கம்பம் ஏதும் நுழைந்திருக்கிறதா என்பதையும் அதுவே காட்டிவிடும்.

பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் செல்ல, பொத்தானை விடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் முறை தேவைப்படும். அப்போது பூட்டி வைக்கக்கூடிய ரிமோட் ஒன்று இருந்தால்தான் கை வலிக்காமல் வேலை நடக்கும்.

இன்னொன்று: இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமராவின் திரை மிகப் பிரகாசமாகத் தெரியும் என்பதால், வெளிச்சம் போதாத படமும் திரையில் அழகாகத் தோன்றி, வீட்டில் கணினியில் பார்க்கும்போது ஏமாற்றிவிடும். திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்து, ஹிஸ்டோகிராமை (இருண்ட பகுதிகளை இடப்புறமும் ஒளிர்ந்தவற்றை வலப்புறமும் காட்டும் வரைபடம்) பார்த்தே முடிவு செய்யுங்கள். அதில் மேடு முழுவதும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நேரம் போதவில்லை என்று பொருள். படத்துக்குள் இருக்கும் விளக்குகளின் நடுப்பகுதி வெளுத்துப் போவதைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். விளக்கு விளக்காகத்தான் தெரியும்.

கேள்வி: இரவில் எப்போதும் ஐஎஸ்ஓ 100 மட்டுமே வைக்க வேண்டும் என்று என் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். சரிதானா?

பதில்: நகராத பொருள்களுக்கு உங்கள் நண்பர் சொல்வது சரி. விண்மீன்களுக்குச் சரியல்ல. கட்டடத்தின் ஒளி ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருப்பதால், நேரத்தைக் கூட்டக் கூட்டப் படத்தில் அது பிரகாசமாகும். விண்மீனோ, கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் மீது நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு புள்ளியில் சேர வேண்டிய ஒளி அடுத்தடுத்த புள்ளிகளில் சிதறிவிடுகிறது. நேரத்தைக் கூட்டினால் கோடுதான் நீளும், விண்மீன் பிரகாசமாகாது. அங்கே அகன்ற அபெர்ச்சரும் ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 போன்ற உயர்ந்த அளவும் தவிர்க்க முடியாதவை.

கேள்வி: அப்படியானால் விண்மீன்கள் புள்ளிகளாகவே தெரிய அதிகபட்சம் எத்தனை நொடி வைக்கலாம்?

பதில்: 500 என்ற எண்ணை லென்ஸின் குவிய நீளத்தால் (லென்ஸில் மி.மீ. என்று குறித்திருக்கும் எண்) வகுக்கும் பழைய விதி ஒன்று இருக்கிறது. முழு அளவு சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ளது) 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 20 நொடி. சென்சார் சிறியதாக இருந்தால், முழு அளவைவிட அது எத்தனை மடங்கு சிறியது என்று சொல்லும் பெருக்கு எண்ணால் குவிய நீளத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், 1.5 பெருக்கு எண் உள்ள கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் 27 மி.மீ. போல நடந்துகொள்வதால், 18 நொடி கிடைக்கிறது. படலச் சுருள் (ஃபிலிம்) காலத்துக்கும் சிறிய அச்சுப் படங்களுக்கும் ஏற்ற தாராளமான விதி இது என்பது என் கருத்து. இன்றைய நுண்ணிய சென்சார்களில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் தெரிந்துவிடும் என்பதால், நான் 300-ஐயே வகுக்கிறேன். வானத்தின் துருவப் புள்ளிக்கு அருகில் உள்ள விண்மீன்கள் மெதுவாகவும், அதிலிருந்து விலகி வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளவை விரைவாகவும் நகர்வதால், கேமராவை எந்தத் திசையில் திருப்பியிருக்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும்.

மாறாகக் கோடுகளே வேண்டும் என்றால், வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கண்ணுக்கு நிறைவான வளைவு கிடைக்க ஒரு மணி நேரமாவது தேவை. அதை ஒரே படமாக எடுக்காமல், 30 நொடிப் படங்களாக 120 எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் பிரகாசமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையில் இணைப்பது நல்லது. நடுவில் யாரோ டார்ச் அடித்துவிட்டால் ஒரு படம்தான் கெடும். ஒரு மணி நேர உழைப்பு கெடாது.

கேள்வி: ஒவ்வொரு நீண்ட படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் உறைந்து நிற்கிறது. பழுதா?

பதில்: பழுதல்ல. நெடுநேரப் படங்களுக்கான இரைச்சல் குறைப்பு வசதி இயங்குகிறது. சென்சார் சூடாவதால் சில புள்ளிகள் ஒளி இல்லாமலேயே ஒளிரும். அவை எவை என்று அறிய, கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழிக்கிறது. தனிப் படங்களுக்கு இது உதவும். மேலே சொன்ன விண்மீன் கோடுகளுக்கு இதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கோடுகள் விட்டுவிட்டு வரும்.

கேள்வி: இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியில் (∞) வைத்தாலும் விண்மீன்கள் தெளிவாக இல்லை.

பதில்: முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முடிவிலியையும் தாண்டிச் சிறிது சுழலும். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, லைவ் வியூவில் (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சி) ஒரு பிரகாசமான விண்மீனையோ வெகுதொலைவில் உள்ள விளக்கையோ பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். அதைக் கடந்து சென்று மீண்டும் பின்னோக்கி வந்தால்தான் சரியான இடம் எது என்று கண்ணுக்கு உறுதிப்படும். பிறகு வளையத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்; ஜூமைத் தொடாதீர்கள். இருட்டு ஆழ்ந்த பிறகு போராடுவதைவிட, வெளிச்சம் இருக்கும்போதே சென்று இதை முடித்துவிடுவது இன்னும் எளிது.

கேள்வி: சாலையில் வாகனங்களின் ஒளிக்கோடுகளை எடுக்க முயன்றேன். கோடுகள் வெளுத்துப் போகின்றன, சுற்றியுள்ள கட்டடங்களோ கருப்பாக இருக்கின்றன. நேரத்தைக் குறைத்தால் கட்டடங்கள் இன்னும் இருண்டுவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் நெடுநேர ஒளிப்படத்தின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது. நகரும் விளக்கு சென்சாரின் ஒரு புள்ளியின் மீது ஒரு கணமே தங்கிக் கடந்துவிடுகிறது. ஷட்டர் 5 நொடி திறந்திருந்தாலும் 50 நொடி திறந்திருந்தாலும் அந்தக் கணத்தின் அளவு மாறுவதில்லை. ஆகவே ஒரு கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்பவை அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, அந்த விளக்கின் வேகம் ஆகியவையே. நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், கோடுகளின் எண்ணிக்கை பெருகும். தனிக் கோட்டின் பிரகாசம் கூடாது. நகராத கட்டடங்களோ நேரம் கூடக் கூடப் பிரகாசமாகும். எனவே முதலில் கோடுகள் வெளுக்காத அளவுக்கு அபெர்ச்சரைச் சிறிதாக்குங்கள், எஃப்/11 என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு கட்டடங்கள் தெரியும் வரை நேரத்தைக் கூட்டுங்கள். வாகனங்கள் ஒரே இடத்தில் மேலும் மேலும் கடந்து கோடுகள் திரண்டுவிட்டால், அவை கடக்கும்போது ஒரு கருப்பு அட்டையால் லென்ஸை மறைத்துக்கொள்ளலாம். வாணவேடிக்கையை எடுப்பதும் இதே முறைதான்.

வானம் முழுக் கருப்பாகும் வரை காத்திருந்தால் எந்தக் கணக்கும் முழுமையாகக் கைகொடுக்காது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும் நேரத்தில் வானத்தின் நீலமும் விளக்குகளின் ஒளியும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். மிகவும் குறுகிய நேரம் அது. இடத்தைத் தேர்ந்து, ட்ரைபாட்டை நிறுத்தி, ஃபோகஸை முடித்துவிட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

நகர்வது மறைந்து, நிற்பது பதிவாகும் இந்த இயல்பு ஒளிப்படக்கலையின் பிறப்பிலிருந்தே உடன் வருவது. 1838-இல் ஒளிப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகுவேர் பாரிஸின் ஒரு பரபரப்பான தெருவைத் தம் சன்னலிலிருந்து பல நிமிடங்கள் பதிவு செய்தபோது, வண்டிகளும் மக்களும் தடயமின்றி மறைந்துபோக, காலணியைத் துலக்கிக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தட்டில் பதிந்தார். உங்கள் படத்தில் மக்கள் கூட்டம் மறைய வேண்டுமா, நின்ற ஒருவர் பதிய வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்வதும் அதே விதியை வைத்துத்தான்.

கேள்வி: நிலவையும் அதன் ஒளியில் தெரியும் மலையையும் ஒரே படத்தில் எடுக்க இயலவில்லையே?

பதில்: இயலாது, அதற்குக் காரணம் உண்டு. நிலவின் மேற்பரப்பு நேரடிச் சூரிய ஒளியில் நிற்கும் பாறை. உயரத்தில் நிற்கும் முழுநிலவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி போதும். ஆனால் அந்த முழுநிலவு நிலத்துக்குத் தரும் ஒளியோ சூரிய ஒளியின் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஒளியில் மலையை எடுக்க எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, 15 நொடி என்று தொடங்க வேண்டும். நிலவைப் படச்சட்டத்துக்கு வெளியே, உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்து நிலத்தை எடுங்கள்; பகலைப் போன்ற நிலமும் நீல வானில் விண்மீன்களும் சேர்ந்து கிடைக்கும். அரைநிலவு பாதி ஒளி தரும் என்று எண்ணிவிடாதீர்கள். முழுநிலவின் பத்தில் ஒரு பங்குதான் தரும். நிலவும் நிலமும் ஒன்றாக வேண்டுமென்றால், முழுநிலவு உதிக்கும் அந்திப் பொழுதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தெருவிளக்குகள் விண்மீன் வடிவில் கதிர்களுடன் தெரிய எந்த ஃபில்டர் வேண்டும்?

பதில்: ஃபில்டர் வேண்டாம். எஃப்/11 அல்லது எஃப்/16-இல் அபெர்ச்சர் இதழ்களே அந்தக் கதிர்களை உண்டாக்கும். இதழ்கள் இரட்டைப்படையாக இருந்தால் அத்தனை கதிர்கள். ஒற்றைப்படையாக இருந்தால் அதைப்போல் இரு மடங்கு. லென்ஸின் முன் ஏற்கெனவே பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் அதையும் இரவில் கழற்றிவிடுங்கள். விளக்குகளின் போலிப் பிம்பங்கள் பெரும்பாலும் அதில்தான் பிறக்கின்றன.

கேள்வி: நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாகிவிட்டன. லென்ஸைத் துடைத்தாலும் சில நிமிடங்களில் மீண்டும் அப்படியே ஆகிறது.

பதில்: அது பனி. திறந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் ஈரம் அதில் படிகிறது. துடைப்பதால் பயனில்லை, கண்ணாடியைச் சற்றே வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். லென்ஸ் ஹூட் ஓரளவு காக்கும். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் இரவு முழுவதும் கவலையில்லை. வீடு திரும்பியதும் குளிர்ந்த கேமராவை உடனே வெளியில் எடுக்காமல், பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருங்கள். மெமரி கார்டை மட்டும் முன்பே கழற்றிக்கொண்டால் படங்களைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை.