மாட்டு டாக்டர் பதில்கள்: சங்கத்துக்கு மாட்ட ஓட்டிட்டு போகலாமா?

இந்த மாசம் கடலூர், புதுச்சேரி பக்கத்துல இருந்து வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல கால்நடை டாக்டருங்க சங்கத்த பத்திதான். சங்கம் போட்ட ஏப்ரல் முகாம் சூடு இன்னும் ஆறல போல. சரி, ஒரேயடியா அதையே பாத்துருவோம்.

மஞ்சக்குப்பத்துல கால்நடை மருத்துவர்கள் சங்கம், இலவச முகாம்னு பேனர் பாத்தேன் டாக்டர் சார். முகாம் இல்லாத நாள்ல மாட்ட ஓட்டிட்டு போனா அங்க வைத்தியம் பாப்பாங்களா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

மாட்ட கட்ட அங்க முதல்ல இடம் இருக்கணுமேங்க. பல சங்கத்துக்கு சொந்தமா ஒரு ரூம் கூட கிடையாது, செயலாளர் வீட்டு அட்ரஸ்லயேதான் லெட்டர் பேடு ஓடும்.

ஜனங்க மூணு விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. கால்நடை பராமரிப்புத் துறைங்கறது அரசாங்கம், உங்க ஊரு மாட்டாஸ்பத்திரி, சினை ஊசி, தடுப்பூசி எல்லாம் அதுக்குள்ள வரும். கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, அது 1984ல வந்த இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தால உண்டானது, டாக்டரு பேர பதிவு பண்றதும் பெரிய தப்பு பண்ணா பேர அடிக்கிறதும் அவங்க வேலை. சங்கம் இந்த ரெண்டும் இல்ல, டாக்டருங்களே சந்தா கட்டி சேந்துக்கிட்ட அமைப்பு. வக்கீலுங்களுக்கு பார் கவுன்சில் வேற, கோர்ட் வாசல்ல இருக்குற வக்கீல் சங்கம் வேற, அதே கணக்குதான்.

காலியிடத்த நிரப்புங்கன்னு மனு கொடுக்கறது, ரிட்டையர் ஆகுறவருக்கு சால்வை போடறது, மெம்பர் யாராச்சும் திடீர்னு போயிட்டா அந்த குடும்பத்துக்கு வசூல் பண்ணி கொடுக்கறது, நடுவுல முகாம், கிளாஸு, இதுதான் சங்கத்து வேலை. உங்க மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு போங்க, இல்லன்னா 1962க்கு போன் போடுங்க, வண்டி வரும்.

எங்க மாடு ஏழு மாச சினை. லேசா காய்ச்சல்னு பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தர் வந்து ஊசி போட்டாரு, மூணாம் நாளே கன்னு வீசிடுச்சு. கேட்டா நானும் சங்கத்துல இருக்கறவன்தான்னு மெரட்றாரு. அவர் டாக்டரே இல்லன்னு இப்ப ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. சங்கத்துல புகார் கொடுக்கலாமா?
– வாசகி, பாகூர்

அம்மா, முதல்ல மாட்ட பாப்போம், மனுஷன அப்புறம் பாப்போம். வீசின கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால எடுத்தீங்களான்னு தெரியல, எடுத்திருந்தா சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, காய்ச்சல் மூட்டுவலின்னு வந்தா உங்கள பாக்குற டாக்டர்ட்ட இத மறக்காம சொல்லுங்க. ஏன்னா ஏழாம் மாசம் வாக்குல கன்னு வீசறதுக்கு புருசெல்லோசிஸ்னு ஒரு நோய் பெரிய காரணம், கன்று வீச்சு நோய்னு சொல்றது அதத்தான், மனுஷனுக்கும் வரும். நாய் இழுத்துட்டு போகாத மாதிரி ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைங்க, மாட்டு ரத்தத்த டெஸ்டுக்கு கொடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த பால காய்ச்சாம யாருக்கும் கொடுக்காதீங்க. பெட்டக் கன்னுக்கு 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள ஒரே ஒரு தடவ இதுக்கு தடுப்பூசி போட்டா போதும், அரசாங்கமே சும்மா போடுது, நிறைய பேர் கன்னு வளந்தப்புறம் வந்து கேக்கறாங்க.

இப்ப ஊசிக்கு வருவோம். டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஊசிய சினையோட கடைசி மாசங்கள்ல போட்டா மாடு கன்னு வீசிடும். காய்ச்சல் டக்குனு இறங்கும், மாடு தீனி எடுக்கும், வீட்டுக்காரங்களுக்கு ஒரே சந்தோஷம், அதனாலதான் படிக்காத ஆளுங்க பையில அந்த பாட்டில் எப்பவும் இருக்கும். உங்க மாட்டுக்கு போட்டது அதுதான்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது, காலி பாட்டில் கெடந்தா எடுத்து வைங்க.

அந்த ஆளு சங்கத்துல இருக்காரா இல்லயாங்கறது பேச்சே இல்லம்மா. சட்டத்துல 30ஆவது பிரிவு தெளிவா சொல்லுது, கவுன்சில்ல பேர் பதிஞ்ச டாக்டர் மட்டும்தான் வைத்தியம் பாக்கலாம், சர்டிபிகேட்ல கையெழுத்து போடலாம். டிப்ளமோ, சர்டிபிகேட் படிச்சவங்க சின்ன சின்ன வேலை செய்ய மாநில அரசாங்கம் அனுமதி கொடுக்கலாம், அதுவும் டாக்டரோட மேற்பார்வையில. அதனால யார் வந்தாலும் பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க, அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல, உண்மையான டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. டாக்டர் மேல புகார்னா கவுன்சிலுக்கு, டாக்டரே இல்லாத ஆளு மேலன்னா போலீஸுக்கும் கால்நடைத் துறைக்கும் எழுதிக் கொடுங்க. சங்கத்துக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, தண்டிக்கிற அதிகாரம் அவங்களுக்கு இல்லதான், ஆனா போலி டாக்டர் விஷயத்துல பின்னாடியே போய் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அவங்க பொழப்பும் அதுல இருக்குல்ல.

உலக கால்நடை மருத்துவ தினம் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறுதே, ஏன்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ஏப்ரல் மாசத்து கடைசி சனிக்கிழமைன்னு வச்சிருக்காங்க, அதனால தேதி மாறும். உலக கால்நடை மருத்துவ சங்கம் 2000ல ஆரம்பிச்சது.

தப்பா எடுத்துக்காதீங்க சார். சங்கத்துக்காரங்க மாசா மாசம் ஹோட்டல்ல கூடி பிரியாணி சாப்பிடறாங்க, மருந்து கம்பெனி பில்லு கட்டுது, இதுக்கு பேரு தொழில்நுட்பக் கூட்டமாம். எங்களுக்கு இதுல என்ன லாபம்?
– வாசகர், பண்ருட்டி

பிரியாணி உண்மை. கம்பெனி பில்லு கட்டுறதும் சில இடத்துல உண்மை, அந்த மாதிரி கூட்டத்துல கடைசி அரை மணி நேரம் அவங்க டானிக் புராணம்தான் ஓடும், எனக்கும் அது பிடிக்காது. சந்தா காசுல டீயும் சுண்டலும் வச்சு நடத்துனா போதும்னு நான் எப்பவும் சொல்ற ஆளு. ஆனா கூட்டமே வேஸ்ட்டுன்னா ஒத்துக்க மாட்டேன்.

ஒரு உதாரணம் பாருங்க. மாட்டுக்கு வலி, காய்ச்சலுன்னா டைக்ளோபினாக் ஊசிதான்னு ஒரு காலம் இருந்துச்சு. அந்த ஊசி போட்ட மாடு செத்து அத பிணந்தின்னிக் கழுகு தின்னா கழுகுக்கு கிட்னி போயிடும், இந்தியாவுல கழுகு கூட்டம் கூட்டமா அழிஞ்சதுக்கு இதுதான் காரணம்னு கண்டுபிடிச்சு 2006ல மாட்டுக்கு அத தடை பண்ணாங்க. 2023ல கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக்னு இன்னும் ரெண்டு வலி மருந்தும் மாட்டுக்கு தடை ஆச்சு. மெலாக்சிகம் கழுகுக்கு ஆபத்து இல்லாதது, அத போடுன்னாங்க. இதெல்லாம் கெஜட்ல வரும், சரி, குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு நாளைக்கு நாப்பது மாடு பாக்குற டாக்டர் கெஜட்டா படிச்சுக்கிட்டு இருப்பாரு? பக்கத்து சீட்ல உக்காந்த சீனியர் சொல்லித்தான் தெரியும். கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்க 2019ல பண்ணைகளுக்கு தடை பண்ணதும் இப்படித்தான் பரவுச்சு. மனுஷனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா கொடுக்குற மருந்து அது, அத போயி கோழித் தீவனத்துல கலந்துக்கிட்டு இருந்தாங்க.

தெரிஞ்சத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற இது நம்ம ஊர்க்காரங்க ஆரம்பிச்ச பழக்கம்தான். இந்திய கால்நடை மருத்துவ சங்கத்தோட ஜர்னல் 1924ல மெட்ராஸ்ல தொடங்கினது, நூறு வருஷம் தாண்டிருச்சு. என்னைக் கேட்டா, பேனர் கட்டி போட்டோ எடுக்குற முகாம விட இந்த சாயங்கால கிளாஸுதான் உங்க மாட்டுக்கு அதிக பிரயோஜனம். பிரியாணிய மன்னிச்சு விடுங்க.

சங்கத்து முகாம்ல எங்க நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டு கார்டும் வாங்கிட்டோம். ஒரு வாரத்துல அதே நாய் விளையாட்டுல பையன் கைய கடிச்சு ரத்தம் வந்துருச்சு. கார்டு இருக்கே, பையனுக்கும் ஊசி போடணுமா?
– வாசகி, வில்லியனூர்

கார்ட காட்டிக்கிட்டு வீட்ல உக்காராதீங்க. கடிச்ச உடனே குழாய் தண்ணிய திறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சத்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் ஒண்ணும் வைக்கக் கூடாது, அன்னைக்கே ஜி.எச்.ல காட்டணும். இன்னும் காட்டலன்னா இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி கிளம்புங்க. தோல்ல போடற ஊசின்னா முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள்னு வரும், ரத்தம் வந்த காயத்துக்கு இன்னொரு ஊசி காயத்த சுத்தியும் தேவைப்படலாம், அத அங்க இருக்குற டாக்டர் முடிவு பண்ணுவாரு. நாய கட்டி வச்சு 10 நாள் பாருங்க. ஊசி போட்டு ஒரு வாரம்தான் ஆகுதுன்னா நாய்க்கே இன்னும் எதிர்ப்பு சக்தி சரியா வந்திருக்காது. குட்டிக்கு 3 மாசத்துல முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் வருஷா வருஷம், இதுதான் கணக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். செப்டம்பர் 28 வெறிநோய் தினம், லூயி பாஸ்டர் இறந்த நாள், அன்னைக்கு சங்கங்க முகாம் போடுது, நல்லதுதான். ஆனா வரிசையில நிக்கறது எல்லாம் சங்கிலி போட்ட வீட்டு நாய். ஒரு ஊர்ல 70 சதவீதம் நாய்க்கு ஊசி போட்டாத்தான் வெறிநோய் அடங்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மீன் மார்க்கெட் நாய்ங்க முகாமுக்கு நடந்து வராது. தெருநாய்க்கு கருத்தடையும் ஊசியும் உள்ளாட்சி பொறுப்புன்னு 2023ல வந்த விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்ல இருக்கு. அதுக்கு ஆபரேஷன் பண்ண ஆள் கொடுக்கறோம்னு சங்கம் நகராட்சி கதவ தட்டுனா ரிப்பன் வெட்டுறத விட பெரிய வேலையா இருக்கும்.

எங்க நிலம் கடலூர் பக்கம், வீடு புதுச்சேரி பக்கம். மாடு ரெண்டு பக்கமும் மேயுது. கோமாரி ஊசி போட எந்த ஆஸ்பத்திரிக்காரங்க வருவாங்கன்னே தெரியல. இதுக்கு சங்கம் ஏதாச்சும் செய்யுமா?
– வாசகர், கன்னியக்கோயில்

இந்த மாசத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. மாடு எங்க கட்டியிருக்கோ, அதாவது உங்க வீடு எந்த ஊர்ல இருக்கோ அங்கதான் காது வில்லை போட்டு கணக்கு எழுதுவாங்க. 12 இலக்க நம்பர் இருக்குமே, அதுல பதிவு ஆகும். நீங்க புதுச்சேரி கணக்கு.

ஆனா பிரச்சன அதோட முடியல. கோமாரி காத்துலயும் பரவும், ஆளு செருப்புல பரவும், சந்தை வண்டியில பரவும். 2019ல இருந்து தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்துல வருஷத்துக்கு ரெண்டு ரவுண்டு ஊசி மத்திய அரசாங்க காசுல நடக்குது, ஆனா ரவுண்டு எப்ப ஆரம்பிக்கணும்னு ஒவ்வொரு மாநிலமும் தன் சவுகரியத்துக்கு வைக்கும். பாகூர் பக்கம் ஒரு ஊரு புதுச்சேரி, வாய்க்கால தாண்டுனா கடலூர் மாவட்டம், திரும்ப புதுச்சேரின்னு மாறி மாறி வருது. ஒரு பக்கம் போட்டு அந்தப் பக்கம் ஒன்றரை மாசம் லேட் ஆச்சுன்னா நடுவுல நோய் புகுந்துக்க வழி இருக்கு.

துறைக்கு துறை லெட்டர் எழுதி அது சென்னைக்கும் புதுச்சேரி செகரட்டேரியட்டுக்கும் போய் வர்றதுக்குள்ள ரவுண்டே முடிஞ்சிரும். சங்கத்துக்கு எல்லை கிடையாது பாருங்க. புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை காலேஜ்ல படிச்சவரு கடலூர்ல வேலை பாக்கறாரு, சென்னை வேப்பேரி காலேஜ்ல படிச்சவரு அரியாங்குப்பத்துல கிளினிக் வச்சிருக்காரு, எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க. எங்க ஊர்ல வாயில எச்சி ஒழுகுற மாடு ரெண்டு வந்துச்சுன்னு ஒருத்தர் போட்டா அந்தப் பக்கம் டாக்டர் அன்னைக்கே உஷார் ஆயிடுவாரு. எல்லையோர ஊரு பட்டியல ரெண்டு பக்க டாக்டரும் உக்காந்து எழுதி, ஒரே வாரத்துல ஊசி வைங்கன்னு ரெண்டு டைரக்டருக்கும் மனு கொடுத்தா, அதிகாரம் இல்லாத சங்கம் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுதான். நான் அடுத்த கூட்டத்துல உங்க கேள்விய அப்படியே படிச்சு காட்டப் போறேன்.

தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல்னு ஒவ்வொரு தடவையும் மாடு போகுது. நிவாரணம் வாங்க சங்கம் உதவுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பணம் கொடுக்கறது வருவாய்த் துறை, செத்தது உங்க மாடுதான்னு சர்டிபிகேட் கொடுக்கறது அரசு கால்நடை டாக்டர். ஃபெஞ்சல் சமயத்துல தமிழ்நாட்டுல கறவை மாட்டுக்கு 37,500 ரூபா, ஆட்டுக்கு 4,000 ரூபான்னு அறிவிச்சாங்க. நிறைய பேர் நாத்தம் தாங்காம உடனே புதைச்சுட்டு அப்புறம் வந்து நிக்கறாங்க. காது வில்லை தெரியற மாதிரி போட்டோ எடுங்க, வி.ஏ.ஓ.வுக்கும் டாக்டருக்கும் சொல்லிட்டு புதைங்க. சங்கம் அந்த நேரத்துல மருந்து, ஆளுன்னு சேத்து அனுப்பலாம், அவ்வளவுதான். புயல் எச்சரிக்கை வந்தா கயித்த அவுத்து விடுங்க சார், கட்டின மாடுதான் தண்ணியில சாகுது.

பொண்ணு பிளஸ் டூ பயாலஜி. கால்நடை டாக்டர் ஆகணுங்கறா. சங்கத்துல ரெக்கமண்டேஷன் வாங்கலாமா?
– வாசகி, விருத்தாசலம்

ரெக்கமண்டேஷனா? யார்கிட்டயும் அதுக்குன்னு காசு கொடுத்துடாதீங்க. தமிழ்நாட்டு சீட்டெல்லாம் கால்நடை பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்க வச்சு கவுன்சிலிங்ல கொடுக்குது, அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதத்துக்குத்தான் நீட். இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷப் படிப்பு. சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் நிக்க வைங்க, கன்னு கோணலா மாட்டிக்கிட்ட கேஸ் ஒண்ணு பாத்துட்டும் ஆசை இருந்தா தாராளமா போகட்டும்.

எட்டு மாடு வச்சிருக்கேன். நான் சங்கத்துல சேர முடியுமா?
– வாசகர், தவளக்குப்பம்

முடியாதுங்க, பட்டம் வாங்கி பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்தான். ஆனா உங்க ஊர்ல ஒரு சாயங்காலம் வந்து மடிநோய் பத்தி பேசுங்கன்னு செயலாளருக்கு லெட்டர் போடலாம். எத்தன பேர் வருவாங்க, மொத்தம் எத்தன மாடு, எந்த நேரம் தோதுன்னு எழுதுங்க. பால் கறக்குற நேரத்த மட்டும் போட்றாதீங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க.