பழைய ஆர்கியூடிஏ கோப்பைத் திறக்க ஆர்கியூடிஏ தேவையில்லை

ஆர் (R) நிரல்மொழியின் 4 பதிப்பில், நேர்காணல் உரைகளின் பகுதிகளுக்குக் குறியீடு இட்டுப் பகுப்பாய உதவும் ஆர்கியூடிஏ (RQDA) தொகுப்பை நிறுவ முடியாததால் பழைய நேர்காணல் குறியீடுகள் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட, இதே வேலையைச் செய்யும் குவால்கோடர் (QualCoder) என்ற திறமூல மென்பொருளில், ஆர்கியூடிஏ திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யும் வசதி உள்ளது. முதலில் மூலக் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் உங்கள் கணினியில் இல்லை. ஆர்கியூடிஏவின் திரைகள் ஆர்ஜிடிகே2 (RGtk2) என்ற மற்றோர் ஆர் தொகுப்பை நம்பியிருந்தன. பராமரிப்பு நின்றதால் அத்தொகுப்பு, ஆர் தொகுப்புகளை வழங்கும் கிரான் (CRAN) களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. ஆரின் பழைய பதிப்பைத் தேடி நிறுவிப் போராடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்பு பழுதடையவில்லை என்பதை உறுதிசெய்ய, எஸ்கியூலைட் (SQLite, தரவை ஒரே கோப்பில் அட்டவணைகளாகச் சேமிக்கும் முறை) தரவுத்தளங்களைத் திறக்கும் ஏதேனும் ஒரு கருவியில் அந்நகலைத் திறந்து பாருங்கள். ஏனெனில் ஆர்கியூடிஏ கோப்பு உண்மையில் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளமே. நேர்காணல் உரைகள் ஓர் அட்டவணையிலும், குறியீட்டுப் பெயர்கள் வேறோர் அட்டவணையிலும், குறியிட்ட பகுதிகள் மூன்றாவதிலும் இருக்கும். அம்மூன்றாவது அட்டவணையில், தேர்ந்தெடுத்த வாசகமும் அது தொடங்கி முடியும் எழுத்து எண்களும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இடங்கள் எழுத்து எண்ணிக்கையால் குறிக்கப்படுவதால், வரி முறிவோ, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியாக்கமோ (encoding) மாறி ஓர் எழுத்து கூடினாலும் அதற்குப் பிந்தைய குறிகள் அனைத்தும் நகர்ந்துவிடும். ஆகவே இறக்குமதிக்குப் பின், நீளமான நேர்காணல் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் உள்ள சில குறிகளை அட்டவணையிலுள்ள வாசகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.