மண்புழுவின் தசையும் நம்முடைய தசையும் ஒன்றா? அதன் சுருக்கத்தை எது கட்டுப்படுத்துகிறது?

கேள்வி கேட்டவர், ஏற்காட்டில் மழை விட்ட ஒரு காலையில், காப்பித் தோட்டத்து ஓரமாகப் பாதி உடலை வளைக்குள் வைத்திருந்த மண்புழு ஒன்றைப் பிடித்து இழுத்ததாகவும், அறுந்தாலும் அறுமே தவிர அது வெளியே வராது என்று தோன்றியதாகவும் எழுதியிருக்கிறார். எலும்பே இல்லாத உடலுக்கு இந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்பதே அவருடைய வியப்பு. சேலத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் விலங்கியல் செய்முறை வகுப்பு நடத்தியவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிடியைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நாக்குப்பூச்சி என்று சொல்லும் மண்புழுவின் உடற்சுவரில், தோலை அடுத்து வட்டத்தசையும் அதற்கு உள்ளே நீள்தசையும் இருக்கின்றன. இவ்விரண்டும் இழுப்பதற்கு எலும்பு இல்லை, உடற்குழி நிறைய இருக்கும் திரவம்தான் உண்டு. திரவத்தை அமுக்கிக் குறைக்க முடியாது என்பதால், வட்டத்தசை சுருங்கினால் புழு மெலிந்து நீள்கிறது, நீள்தசை சுருங்கினால் குட்டையாகித் தடிக்கிறது. நீங்கள் வாலைத் தொட்டதும் நீள்தசை சுருங்கி, உடல் தடித்து வளையின் சுவரை நெருக்கி, சீட்டாக்கள் எனப்படும் நுண்ணிய முட்கள் மண்ணில் ஊன்றிக்கொண்டன. நீங்கள் மல்லுக்கு நின்றது புழுவோடு மட்டுமன்று, அந்த வளையோடும்தான்.

இந்த நீள்தசையின் வேகத்தை நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அறிந்தேன். அறுப்பதற்கு முன் புழுவை நீர்த்த ஆல்கஹாலில் நன்கு மயங்க விட வேண்டும். நேரமாகிவிட்டதே என்று அவசரப்பட்டு எடுத்து ஊசி குத்தினேன். கத்தரியின் நுனி பட்டதுதான் தாமதம், நீண்டு கிடந்த உடல் கண்ணெதிரே சுருண்டு, குத்திய ஊசிகளில் இரண்டை மெழுகிலிருந்து பிடுங்கிவிட்டது. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு அடுத்த புழுவுக்குப் பொறுமையாகக் காத்திருந்தேன்.

இனி, உள்ளே நடப்பது. தசைச் செல்லுக்குள் இருவகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன; தடித்த இழையில் உள்ள மையோசின் என்ற புரதம், மெல்லிய இழையில் உள்ள ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி இழுப்பதுதான் நம் தசையிலும் புழுவின் தசையிலும் சுருக்கம் என்பது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாவதும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு, கால்சியம் வரும்வரை இந்த இழுப்பைத் தடுத்து வைக்கும் பூட்டில் இருக்கிறது. நம் எலும்புத் தசையில் பூட்டு மெல்லிய இழையின்மேல் மட்டுமே உள்ளது: ஆக்டினின் பிடியிடங்களை ட்ரோப்போமையோசின் என்ற புரதம் மறைத்துக் கிடக்கும், கால்சியம் வந்து ட்ரோப்போனின் என்ற துணைப் புரதத்தில் சேர்ந்ததும் ட்ரோப்போமையோசின் விலகி வழிவிடும். 1960-களில் ஜப்பானில் செட்சுரோ எபாஷி இதைத் தெளிவாக்கினார். மையோசினுக்குக் கால்சியத்தால் திறக்கும் தனிப் பூட்டு கிடையாது. ஆக்டின் திறந்தால் மையோசின் வேலையைத் தொடங்கிவிடும்.

சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளின் தசையை ஆராய்ந்த ஆண்ட்ரூ சென்ட்-ஜியார்ஜியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், அங்கே பூட்டு மையோசின் மேலேயே இருப்பதை 1970-இல் காட்டினர். வைட்டமின் சி-க்காக நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி இவருடைய உறவினர். மாணவர்கள் இருவரையும் ஒருவராகவே எழுதி வைப்பார்கள். அதன்பின் பல உயிரினங்களின் தசையையும் அவர்கள் சோதித்தபோது, மண்புழு போன்ற வளையப் புழுக்களில் இரண்டு பூட்டுகளும் ஒருங்கே இருப்பது தெரிந்தது.

சோதித்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. புழுத் தசையின் இழைகளோடு, பூட்டு எதுவும் இல்லாத தூய முயல் ஆக்டினைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். புழுவின் மையோசின் இப்போது அந்தத் திறந்த ஆக்டினையே பிடித்துக்கொள்ளலாம், தன் ஆக்டினின் அனுமதி தேவையில்லை. அப்படியும் கால்சியம் இல்லாமல் ஏடிபி சிதைவு வேகமெடுக்கவில்லை என்றால், மையோசினிலேயே ஒரு பூட்டு இருக்கிறது என்று பொருள். அடுத்து ஆளை மாற்றி, தனிப் பூட்டில்லாத முயல் மையோசினைச் சேர்க்கிறார்கள். இதிலும் கால்சியத்துக்காகவே காத்திருந்தால், மெல்லிய இழையிலும் பூட்டு உண்டு. மண்புழு இரண்டு சோதனையிலும் ஆம் என்றது. மின்நுண்ணோக்கியில் கண்டதைவிட, சந்தேகத்துக்கு இடமில்லாத இந்தக் கணக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

தடித்த இழையின் ஆக்கமும் வேறு. மையோசின் உறைபோல வெளியே இருக்க, நடுவே பாராமையோசின் என்ற புரதம் தண்டாக அமைந்திருக்கிறது. இது நம் தசையில் இல்லவே இல்லை. போதாததற்கு, மண்புழுவின் தசையில் வரிகள் குறுக்காக ஓடாமல் சாய்வாக ஓடுகின்றன. மிகவும் நீண்ட நிலையிலும் மிகவும் குறுகிய நிலையிலும் இழுக்கும் வலு குறையாமல் இருப்பதற்கு இந்தச் சாய்வு உதவுகிறது. ஒரு சாணிலிருந்து அரைச் சாணாகும் உடலுக்கு வேறு வழியில்லை.

கட்டுப்பாடு தவறினால் என்னவாகும் என்பதற்கு ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவைப் பார்க்க வேண்டும். அதன் உடற்சுவரில் இருப்பவை 95 தசைச் செல்கள் மட்டுமே. உயிரியலாளர் சிட்னி பிரென்னர் 1974-இல் வெளியிட்ட மரபணுப் பிறழ்வுகளுள் அன்க்-22 என்ற மரபணுவில் நேர்ந்ததும் ஒன்று. அது உள்ள புழுக்களின் மேற்பரப்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த மரபணு உருவாக்கும் மிகப்பெரிய புரதத்துக்கு, 1989-இல், அந்தத் துடிப்பையே (ஆங்கிலத்தில் ட்விட்ச்) பெயராக்கி ட்விட்சின் என்றார்கள். அந்தப் புரதம் பழுதான தசைக்குச் சுருங்கவும் தெரிகிறது, தளரவும் தெரிகிறது. சீராகச் செய்யத்தான் தெரியவில்லை.

வாழப்பாடிப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள், பெயர் தெரியாவிட்டாலும். குடற்புழு நீக்கக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்றான லெவாமிசோல், உருளைப்புழுவின் தசையில், சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் வாயில்களான ஏற்பிகளை விடாமல் திறந்து வைக்கிறது. கால்சியம் உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால் எந்தப் பூட்டும் மூடுவதில்லை. புழு விறைத்து, குடற்சுவரோடு நிற்க முடியாமல், சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறது. ட்விட்சின் இல்லாத புழுவுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் அது விறைத்துக் கிடப்பதில்லை, துடிக்கிறது. ஆய்வகத்தில் அந்தப் பிறழ்வைப் பிரித்தெடுப்பதற்கு இந்தத் துடிப்பையே அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள்.