மெயின்பிரேம் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி நடத்தும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பொறியியல் இறுதியாண்டு. வளாகத் தேர்வில் ஒரு பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் எடுத்திருக்கிறது. பெங்களூரில் பயிற்சி, பிறகு வங்கித் துறை மெயின்பிரேம் குழுவில், அதாவது பெரிய வங்கிகளின் கணக்குகளை ஓட்டும் பெரிய கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில், வேலை. ஓசூரில் இருக்கும் அக்காள் மகன், "அது தாத்தா காலத்து மெஷின், ஐந்து வருடத்தில் எல்லாம் கிளவுடுக்குப் போய்விடும், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கிளவுட் கோர்ஸ் படிக்கட்டும்" என்கிறாராம். (கிளவுட் என்றால், அமேசான் போன்ற நிறுவனங்களின் கணினிகளை இணையம் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது.) கோர்ஸுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது என்று பதறுகிறார்.

ஐயா, பணத்தைக் கட்டாதீர்கள். மகள் வேலையில் சேரட்டும். ஆனால் உங்கள் அக்காள் மகன் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபிஎம் நிறுவனம் தன் 'சிஸ்டம் 360' மெயின்பிரேம் கணினியை அறிவித்தது 1964 ஏப்ரலில். அந்த வம்சத்தின் புதிய வாரிசான 'இசட்17' அறிவிக்கப்பட்டது 2025 ஏப்ரலில். ஆக, மெஷின் பழையது அல்ல, அதில் ஓடும் நிரல்கள்தான் பழையவை. பல பத்தாண்டுகளுக்கு முன் கோபோல் மொழியில் எழுதிய வட்டிக் கணக்கு நிரல் இன்றைய மெஷினிலும் பெரிய மாற்றமின்றி ஓடும். வங்கிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்பது மண்டிக்காரரான உங்களுக்கு எளிதில் புரியும். பகல் முழுக்க எடை போட்டுத் துண்டுச் சீட்டு எழுதுகிறீர்கள். இரவில் கமிஷன், கூலி, முன்பணம் எல்லாம் கழித்துப் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். வங்கியும் அப்படித்தான். பகலில் ஏடிஎம், அட்டை, ஆப் வழியாக வரும் பரிவர்த்தனைகளை நொடிக்குள் முடித்துக் கொடுப்பது ஒரு பகுதி. அதற்கு சிஐசிஎஸ் என்ற மென்பொருள். வட்டி போடுவது, தவணை பிடிப்பது, கணக்கறிக்கை தயாரிப்பது போன்றவற்றை இரவில் மொத்தமாக ஓட்டுவது இன்னொரு பகுதி. அதற்குப் பெயர் பேட்ச். உங்கள் மகள் முதலில் கற்கப்போவது இந்த இரண்டையும்தான்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். அவர் பார்க்கப்போவது நம் ஊர் வங்கியின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்டேட் வங்கி டிசிஎஸ் நிறுவனத்தின் 'பேங்க்ஸ்' மென்பொருளில் இயங்குகிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி போன்றவை இன்போசிஸின் 'பினாக்கிள்' வைத்திருக்கின்றன. இவை பெரும்பாலும் யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்கள் கொண்ட சர்வர்களில் ஓடுபவை, மெயின்பிரேமில் அல்ல. மெயின்பிரேம் வேலை பெங்களூருக்கும் சென்னைக்கும் வருவது முக்கியமாக அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளிடமிருந்து. ஆகவே "மெயின்பிரேம் எப்போது போகும்" என்ற கேள்விக்கு விடை நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது? அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி தன் சொந்தத் தரவு மையங்களை 2020இல் மூடிவிட்டு முழுவதும் அமேசானின் கிளவுடுக்குப் போய்விட்டது. எனவே முடியாத காரியம் அல்ல. ஆனால் 2019இல் அதே வங்கியின் கிளவுடில் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தவறாக வைக்கப்பட்டிருந்ததால் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் வெளியாயின. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 இறுதியில் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. அது கிளவுட் செய்த குற்றம் அல்ல, மாற்றத்தை நடத்திய விதத்தின் குற்றம். என்றாலும் இதைப் பார்த்த எந்த வங்கித் தலைவரும் பேரேட்டின் மீது எளிதில் கை வைக்க மாட்டார். நம் ரிசர்வ் வங்கியும் பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று 2018இலும், தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு ஒப்படைப்பதற்கு விரிவான விதிகளை 2023இலும் போட்டது. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்பது அதன் சாரம்.

இதனால் பெரிய வங்கிகள் பலவும் வேலையை இரண்டாகப் பிரித்துச் செய்கின்றன. மொபைல் ஆப், மோசடி கண்டறிதல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவை கிளவுடுக்குப் போகின்றன. கணக்கின் மூலப் பதிவு மெயின்பிரேமில் தங்குகிறது. இரண்டுக்கும் இடையில் தரவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கிளவுட் பக்கம் இருக்கும் இளைஞர்களுக்குக் கோபோல் கோப்பைப் படிக்கத் தெரியாது, மெயின்பிரேம் பக்கம் இருக்கும் மூத்தவர்களில் பலருக்கு ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி, பழக்கமில்லை. இந்த இடைவெளியில் நிற்கக்கூடியவர்களைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. உங்கள் மகளுக்கான இடமும் அதுதான் என்பது என் கணிப்பு.

அக்காள் மகன் சொல்வதில் உள்ள உண்மை இனி வருகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பழைய கோபோல் நிரலைப் படித்து விளக்குகின்றன, ஜாவா மொழியில் மாற்றியும் தருகின்றன. ஐபிஎம்மே 2023இல் இதற்கென ஒரு கருவியைக் கொண்டுவந்தது. மொழியின் இலக்கணம் மட்டும் தெரிந்தவருக்கு இது ஆபத்து. ஒரு கடனில் இந்த மாதம் ஏன் வட்டி இப்படி வருகிறது, தவணை தவறினால் எந்தக் கணக்கில் ஏறும் என்று சொல்லத் தெரிந்தவரை அனுப்பிவிட்டுக் கருவியை மட்டும் வைத்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது. ஆகவே வங்கித் தொழிலைக் கற்பதுதான் முக்கியம், மெஷின் இரண்டாம்பட்சம்.

இன்னொரு அபாயமும் உண்டு. மெயின்பிரேமை விட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சில குழுக்களில் புதியவர்களை வெறும் கண்காணிப்பில் போட்டுவிடுவார்கள். பேட்ச் ஓடுகிறதா என்று திரையைப் பார்ப்பது, நின்றால் கையேட்டில் உள்ளபடி மறுபடி ஓட்டுவது, மூத்தவருக்குத் தகவல் சொல்வது, அவ்வளவுதான். ஆறு மாதம் இருக்கலாம், கற்றுக்கொள்ளவும் ஏதாவது இருக்கும். இரண்டு வருடம் அதிலேயே கிடந்தால் எந்தத் தொழில்நுட்பமாக இருந்தாலும் எதிர்காலம் இருட்டுதான். சேர்ந்த சில மாதங்களில், நிரல் எழுதும் குழுவுக்கோ நவீனமாக்கும் குழுவுக்கோ மாற்றம் வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்கட்டும். வாய் திறக்காதவரை யாரும் தேடி வந்து மாற்றுவதில்லை.

சேரும் வரை உள்ள காலத்தில் ஐபிஎம்மின் 'இசட் எக்ஸ்ப்ளோர்' என்ற இணையப் பயிற்சியைச் செய்யட்டும். இலவசம், உண்மையான மெயின்பிரேமில் உட்கார்ந்து பழகலாம். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கட்டாயம், லினக்ஸும் பைத்தான் நிரல்மொழியும் கூடவே. கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தின் வழியே கிடைக்கும் பாடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளவுடின் அடிப்படைகளை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அதற்கான தொடக்கநிலைத் தேர்வுக் கட்டணம் அமேசானில் 100 டாலர். நீங்கள் கோர்ஸுக்குக் கட்ட நினைக்கும் தொகையில் இது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழகுவதற்குக் கிளவுடில் கணக்குத் திறந்தால் உங்கள் வங்கி அட்டை எண்ணைக் கேட்பார்கள். ஓடவிட்ட சர்வரை அணைக்க மறந்தால் பில் வரலாம்.

இரவு வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 9 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 6.30. அவர்களுடைய இரவு பேட்ச் நம் பகலில்தான் ஓடும். பிரிட்டன் வங்கி என்றால் நிலைமை வேறு. அவர்களின் இரவு 10 மணி கோடையில் நமக்கு அதிகாலை 2.30, கண் விழித்தாக வேண்டும். எந்த நாட்டு வாடிக்கையாளர் என்பது குழு ஒதுக்கும்போதுதான் தெரியும். அப்போதே ஷிப்ட் முறையையும், இரவில் வீடு வரை கொண்டுவிடும் வண்டி உண்டா என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பணி நியமனக் கடிதத்தில் இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது, விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தப் பகுதி இருக்கலாம். கையெழுத்துக்கு முன் தொகையையும் காலத்தையும் வாசித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். அவர்கள் கையில் விட்டுவிட்டு வர வேண்டாம்.