கடல் தொட்டிக்கு எந்த மீடியா, எந்த ரியாக்டர்? – கேள்வி பதில்

கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, மதுரைப் பக்கத்தில், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரையும் சித்திரை வெயிலையும் வைத்துக்கொண்டு பவளம் வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் மீடியா, அதாவது தண்ணீரைச் சுத்தமாக்கப் போடும் பொருட்கள் பற்றியவை: கார்பன், பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளான ஜி.எஃப்.ஓ., மீடியாவைப் போட்டுத் தண்ணீர் ஓடவிடும் குழலான ரியாக்டர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருநகர்: அண்ணே, 200 லிட்டர் தொட்டி. காளான் பவளம், சோயாந்தஸ் பவளம், ஒரு லெதர் பவளம் இருக்கிறது. கார்பன், ஜி.எஃப்.ஓ., பயோபெல்லட் (பாக்டீரியாவுக்குத் தீனியாகும் மணிகள்) மூன்றுக்கும் தனித்தனி ரியாக்டர் வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் வாங்க?

இப்போதைக்கு ரியாக்டரே வேண்டாம், தம்பி. கார்பன் மட்டும் வாங்குங்கள். லெதர் பவளம், பக்கத்தில் வேறு எதுவும் நெருங்கி வளராமல் இருக்க டெர்பீன் வகை வேதிப்பொருட்களைத் தண்ணீரில் விடும். கடலில் அலை அதை அடித்துக்கொண்டு போய்விடும். 200 லிட்டரில் எங்கே போகும்? சோயாந்தஸ் காரணமே தெரியாமல் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும். அதை எடுப்பது கார்பன்தான். தண்ணீரின் மஞ்சளையும் அதுவே எடுக்கும்.

100 கிராம் போதும். மெல்லிய வலைப்பையில் கட்டி, சம்பில் (தொட்டித் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) தண்ணீர் பாய்ந்து ஓடும் இடத்தில் வையுங்கள். முதல் வாரம் பாதி அளவு போடுங்கள். மஞ்சள் போனதும் வெளிச்சம் திடீரென்று ஆழமாக இறங்கும், பவளம் அதைத் தாங்காமல் சுருங்கிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கார்பன் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுக்காது. அவை இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம்தான் மற்ற இரண்டு மீடியாவைப் பற்றிய பேச்சு.

வில்லாபுரம்: தேய்ப்புக் கடைக்கு வாங்கும் சிரட்டைக்கரியை உடைத்துப் போடலாமா?

கூடாது. கரி வேறு, ஆக்டிவேட்டட் கார்பன் வேறு. கரியை மறுபடி 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் நீராவி விட்டுத் துளைகளைத் திறந்தால்தான் அது கார்பன். நல்ல கார்பனில் ஒரு கிராமுக்குள் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கும். அடுப்புக்கரியில் இருப்பது சாம்பலும் தூளும்தான். சிரட்டையிலிருந்து முறையாகச் செய்த கார்பன் கிடைக்கிறது, அது நல்ல பொருள். ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. மஞ்சள் நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளைப் பிடிக்க பிட்டுமினஸ் நிலக்கரியில் செய்தது கொஞ்சம் தோதானது. எதுவானாலும் கழுவும் தண்ணீரில் கருப்பு வராத வரை அலசுங்கள். டாங் மீன்களுக்குத் தலையோரத் தோல் அரித்துப்போவதற்கும் கார்பன் தூளுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள்.

விளாங்குடி: சார், பாஸ்பரஸ் செக்கர் 61 காட்டுகிறது. ஜி.எஃப்.ஓ. போட்டால் இறங்குகிறது, ஒரு வாரத்தில் பழையபடி ஏறிவிடுகிறது. கண்ணாடியில் பழுப்புப் பாசி வருவதும் நிற்கவில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மீடியா மட்டமானதா?

மீடியா மேல் பழி போட வேண்டாம் அம்மா, கோளாறு தண்ணீரில் இருக்கிறது. முதலில் கணக்கு: அந்தச் செக்கர் காட்டுவது பாஸ்பரஸ், அதுவும் பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில். 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட், சுமார் 0.19 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கொஞ்சம் கூடுதல். மென்பவளங்களுக்கு 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதி.

இப்போது வீட்டு ஆர்.ஓ. மெஷினைத் திறந்து பாருங்கள். மெம்பரேன் என்கிற வடிகட்டும் சவ்வுக்குப் பிறகு ஒரு சின்னத் திருகு இருக்கும், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர். குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். சில மெஷினில் மினரல் கேட்ரிஜ் வேறு. நம் பக்கத்து போர் தண்ணீரில் அப்படிக் கலந்தால் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தே உள்ளே வரும். பழுப்புப் பாசி டயாட்டம், அதற்குச் சிலிகேட்தான் சாப்பாடு. ஜி.எஃப்.ஓ. பாஸ்பேட்டை மட்டும் பிடிப்பதில்லை, சிலிகேட்டையும் பிடிக்கும். அதனால்தான் ஒரே வாரத்தில் நிறைந்து போகிறது.

குழாயை மெம்பரேனை ஒட்டியே, கலக்கும் இடத்துக்கு முன்னால் எடுங்கள். அதற்குப் பின், மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்று மாட்டுங்கள். மீட்டரில் டி.டி.எஸ். 0 வர வேண்டும். மே மாதம் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் தினம் எத்தனை லிட்டர் ஆவியாகிறது என்று உங்களுக்கே தெரியும். நீர் மட்டும் போகும், நீங்கள் ஊற்றியதில் இருந்த கசடு அத்தனையும் தொட்டியிலேயே தங்கும்.

இன்னொன்று, பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறையப் பாறை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைச் சரிசெய்த பிறகும் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். உறைந்த இறாலை வடிகட்டியில் அலசிப் போடுங்கள், அந்தச் சாறு முழுக்கப் பாஸ்பேட்.

திருமங்கலம்: ஜி.எஃப்.ஓ. போட்ட நான்காம் நாள் எல்லாப் பவளமும் சுருங்கிவிட்டது. பாக்கெட்டில் சொன்ன அளவுதான் போட்டேன்.

அந்த அளவுதான் அதிகம். பாஸ்பேட் ஒரேயடியாக விழுந்தால் பவளம் பட்டினி கிடக்கும். உடனே ரியாக்டரை நிறுத்துங்கள். அல்கலினிட்டியையும் (காரத்தன்மை) பாருங்கள், புது ஜி.எஃப்.ஓ. அதையும் கொஞ்சம் இறக்கும். இனி பாக்கெட் சொல்வதில் கால் பங்கில் ஆரம்பித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள். பூஜ்யம் என்பது நமக்கு வேண்டாத எண். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் காலியான தொட்டியில்தான் டைனோ என்கிற கோழைப் பாசி குமிழி குமிழியாகக் கிளம்பும். அதைத் துரத்துவது பெரும்பாடு.

கே.கே.நகர்: ரியாக்டரில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்?

மீடியாவைப் பொறுத்தது. ஜி.எஃப்.ஓ. போட்ட குழலைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடை அளவு மணிகள் மட்டும் மெதுவாகப் புரள வேண்டும், அடியில் இருப்பவை அசைந்தும் அசையாமலும் இருக்க வேண்டும். குழல் முழுக்கச் சுழன்றால் மணிகள் ஒன்றோடொன்று உரசி மாவாகும், அந்தச் செம்மண் நிறத் தூள் தொட்டிக்குள் போகும். ஓட்டமே இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கார்பன் புரளவே கூடாது, பஞ்சுக்கு நடுவில் அமுங்கி இருக்கட்டும். மணிக்கு 500 லிட்டர் தள்ளும் பம்பும் ஒரு வால்வும் போதும். புது மீடியா போட்டதும் வெளிக்குழாயை வாளியில் விட்டு, தெளிந்த பிறகே சம்பில் விடுங்கள்.

மேலூர்: நைட்ரேட் 40-க்குக் கீழே இறங்கவில்லை. பயோபெல்லட் போடலாமா?

நல்ல ஸ்கிம்மர் (கழிவை நுரையாக வெளியே எடுக்கும் கருவி) இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் வேண்டாம். பெல்லட்டைத் தின்று பாக்டீரியா வளரும், நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் தனக்குள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை வெளியே எடுப்பது ஸ்கிம்மர். அதனால் ரியாக்டரின் வெளிக்குழாய் ஸ்கிம்மர் வாயருகே விழ வேண்டும். பெல்லட், ஜி.எஃப்.ஓ. மாதிரி இல்லை, எப்போதும் முழுக்கப் புரண்டுகொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் யோசிக்க வேண்டியது மின்தடை. பராமரிப்பு நாளில் காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலைதான் வரும். அதற்குள் அந்தக் குழலில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் வந்துவிடும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனைக் கொல்லும். கரண்ட் வந்ததும் ரியாக்டர் தானாக ஓடும்படி விடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். வேலைக்குப் போய்விடுவீர்கள் என்றால் இன்வெர்ட்டரில் அந்தப் பம்பையும் இணையுங்கள். இரண்டும் முடியாது என்றால், வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைப்பதே நல்லது.

பரமக்குடி: மண்டபம் பக்கம்தானே, கரையில் ஒதுங்கும் பவளக்கல்லை எடுத்து வந்து சம்பில் போடலாமா?

எடுக்காதீர்கள். கடினப் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த கல்லும் அதில் சேர்ந்ததுதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் பவளத்தை வெட்டி எடுத்தே ஏகப்பட்ட அழிவு. நாம் பவளத்தை நேசிப்பதால்தானே தொட்டி வைத்திருக்கிறோம். கடையில் செயற்கைப் பாறை கிடைக்கிறது, பாக்டீரியா அதிலும் நன்றாகக் குடியேறும்.

திருப்பரங்குன்றம்: கால்சியத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் விட, வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகுமா?

வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. உணவுத்தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பி.எச். 12-க்கும் மேல், மொத்தமாகக் கொட்டினால் தொட்டி போய்விடும்.

அலங்காநல்லூர்: கார்பன் தீர்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளை வாளி ஒன்றில் தொட்டித் தண்ணீரையும், இன்னொன்றில் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரையும் நிரப்பிப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கார்பனை அடுப்பில் சுட்டுத் திரும்பப் போட முடியாது, ரோஜாத் தொட்டியிலும் கொட்ட வேண்டாம், உப்பு ஏறியிருக்கும்.