ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

கேள்வி: ராமானுஜனின் கண்ணில் படாமல் தப்பிய எண் என்று 293318625600 என்பதைப் பற்றி எங்கோ படித்தேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘அதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறாள். விளக்க இயலுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: நம் வழக்கப்படி வாசித்தால் அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான நீண்ட கட்டுரையில், 6746328388800 வரையிலான 102 மிகு பகு எண்களை ராமானுஜன் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டார். அதில் நீங்கள் கேட்ட எண் விடுபட்டுவிட்டது.

அதன் பகாக் காரணிகளை எழுதிப் பார்த்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று வரும். அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 என்று கணக்கிட்டால், காரணிகளின் எண்ணிக்கை 5,040 எனக் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த படிதான்: 5,040 என்பதும் ஒரு மிகு பகு எண், அதற்குக் காரணிகள் 60. அறுபதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4 என்று இறங்கும் இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே மிகு பகு எண்கள்.

1 முதல் 22 வரையிலான எந்த எண்ணாலும் நீங்கள் கேட்ட எண் மீதியின்றி வகுபடும்; 23இல்தான் முதன்முறையாக மீதி வருகிறது. முதுநகர்க் கடைகளில் காணும் கால்குலேட்டர்கள் பலவும் 12 இலக்கங்கள் கொண்டவை என்பதால், உங்கள் மகள் இதை அவற்றிலேயே சரிபார்க்கலாம். இதை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது, ராமானுஜனின் பட்டியலில் கடைசியாக உள்ள அதே 6746328388800தான். ஆனால் அது 13 இலக்க எண் என்பதால், அந்தப் பெருக்கலைத் தாளில்தான் போட வேண்டும்.

விடுபட்டதையே பெரிதாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிகு பகு எண்ணின் பகாக் காரணிகள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் அடுக்குகள் அதிகரிப்பதில்லை என்பதையும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே என்பதையும் அக்கட்டுரை நிறுவுகிறது. பட்டியலில் ஒரு வரி குறைந்ததால் இவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

கேள்வி: மிகு பகு எண்களில் மிகப் பெரியது எது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: அப்படி ஒன்று இல்லை. எந்த எண்ணை இரட்டித்தாலும் காரணிகள் கூடுவதால், ஒரு மிகு பகு எண்ணுக்கு அடுத்தது அதன் இரு மடங்குக்குள் வந்தே தீரும்.